விதையிலிருந்து ஒரு வெண்மலர்



கொடைக்கானலிலும் உதகையிலும் ஓடையோரங்களில் வெள்ளைப் புனல் போன்றதொரு மலரைக் கண்டிருப்பீர்கள். காலா லில்லி என்பது அதன் பெயர். பெயரில் லில்லி இருப்பினும் அது லில்லி இனமன்று. நாம் உண்ணும் சேப்பங்கிழங்கிற்கே உறவு. தாயகம் தென்னாப்பிரிக்காவின் ஈரநிலங்கள். 1753-இல் லின்னேயஸ் இதனைக் காலா இனத்தில் சேர்த்தார். 1826-இல் ஸ்பிரெங்கல் என்பார் தனியே பிரித்து ஸான்டடெஸ்கியா என்று பெயர் சூட்டினார். அப்பெயர் தோட்டக்காரர் நாவில் ஏறவில்லை, குற்றம் அவர்களுடையதன்று!

கொடைக்கானலில் என் வீட்டுத் தோட்டத்தில் ஒரே தாய்ச்செடியின் கிழங்கைப் பிரித்துப் பிரித்து ஒரு வரிசையே வளர்த்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் கிழங்கழுகல் வந்தது. வரிசை முழுவதும் போயிற்று. துண்டுகள் பலவாயினும் செடி ஒன்றே அன்றோ? ஒன்றின் பலவீனம் அனைத்தின் பலவீனமாயிற்று. விதையில் முளைப்பவையோ ஒவ்வொன்றும் தனிப் பிறவி. ஆகவே, விதையை நாடினேன்.

நாம் பூவென வியப்பது உண்மையில் தென்னம்பாளையை ஒத்த ஒரு மடலே. மெய்யான பூக்கள் நடுவேயுள்ள மஞ்சள் தண்டில் நெருங்கி இருக்கின்றன. அடியில் பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள். பெண் பூக்கள் முந்தி முதிர்ந்துவிடுவதால் அதே தண்டின் மகரந்தம் அவற்றிற்கு உரிய காலத்தில் கிட்டுவது அரிது. எனவே, முதிர்ந்த ஒன்றின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, புதிதாக விரிந்த வேறொரு செடியின் தண்டடியில் தடவினேன். கருவுற்றதும் வெண்மடல் பச்சையாக மாறுகிறது. உள்ளே காய்கள் பருத்துப் பழுத்து ஆரஞ்சு நிறம் கொள்கின்றன.

முதலாண்டு அப்பழங்களை அப்படியே புதைத்தேன். பூசணம் பூத்தது, வேறொன்றும் பூக்கவில்லை. சதையை நீக்காதது என் பிழை. மறு ஆண்டு வெறுங்கையால் பிசைந்து நீக்கினேன். கருணைக்கிழங்கு நறுக்கியது போன்ற அரிப்பு! இச்செடியில் ஊசி வடிவான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கையுறை அணிவது நலம். வாயில் வைப்பது கூடவே கூடாது.

கழுவிய விதைகளை நிழலில் உலர்த்தி, இலைமட்கும் மணலும் கலந்த தட்டில் அரை அங்குலத்திற்கும் குறைந்த ஆழத்தில் ஊன்றினேன். ஈரம் வேண்டும், தேங்கிய நீர் வேண்டா. ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. முளைக்கச் சில வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மலர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். வண்ணக் கலப்பினங்களின் விதையில் தாயின் நிறத்தை எதிர்பார்த்தல் வீண். மிகுந்த பழங்களை ஓடையில் எறியாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இச்செடி களையாகப் பரவியுள்ளது.

“கிழங்கை வைத்தால் அடுத்த ஆண்டே பூவாயிற்றே, ஐயா!” என்று அண்டை வீட்டுப் பெரியவர் இன்றும் கேலி செய்கிறார். என் தட்டில் பத்தொன்பது நாற்றுகள் நிற்கின்றன. இரண்டின் இலை மற்றவற்றைவிட அகலம். எதுவும் இன்னும் பூக்கவில்லை.