மூடிய கை விரியட்டும்



பக்கவாதம் கண்டு, உயிர் தப்பி, வீடு திரும்பிய ஒருவரை நம் லயத்திலோ உறவிலோ பார்த்திராதவர் நம்மில் மிகச் சிலரே. உயிர் பிழைத்ததே பெரிது என்று நாம் ஆறுதல் அடைகிறோம். ஆனால், சில வாரங்களோ மாதங்களோ கழித்து, இன்னொரு தொல்லை மெல்லத் தலைகாட்டுவது உண்டு. ஈரத்துணி போலத் துவண்டு கிடந்த கை சிறிது சிறிதாக இறுகுகிறது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டுகிறது. மணிக்கட்டு கீழ்நோக்கி வளைகிறது. விரல்கள் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கின்றன. காலும் விறைத்து, குதிகால் தரையில் பதியாமல் போகிறது. இதைத்தான் தசை இறுக்கம் என்கிறோம். பக்கவாதம் கண்ட எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களின் வீட்டில் படும் பாடு சொல்லி முடியாது.

முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய், பட்டையைக் காயப்படுத்தாமல் சீவிய கை அவருடையது. இன்று அந்தக் கை மூடிக் கிடக்கிறது. நகம் வளர்ந்து உள்ளங்கையைக் குத்துகிறது. விரலிடுக்கில் வேர்வை தேங்கிப் புண்ணாகி நாற்றம் எடுக்கிறது. மனைவி கழுவப் போனால் வலியில் கத்துகிறார். சட்டை மாட்ட இரண்டு பேர் வேண்டும். வந்தவர் பார்த்துவிடக் கூடாதென்று அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொள்கிறார். "இந்தக் கை இனிமேல் வேலை செய்யாவிட்டாலும் போகிறது, கழுவுவதற்காவது விரியக் கூடாதா?" என்கிறார் அந்த அம்மா.

நேயர்களே, அது சின்ன ஆசை அல்ல. மருத்துவர்களும் அதையே ஒரு குறிக்கோளாக வைத்துச் சிகிச்சை செய்கிறார்கள். அந்தச் சிகிச்சையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், கை ஏன் இறுகுகிறது? நம் தசைகளுக்கு இயல்பாகவே ஒரு முறுக்கு உண்டு. இழுத்தால் எதிர்த்துச் சுருங்கும். அந்த முறுக்கு மிஞ்சிப் போகாதபடி மூளை அடக்கி வைத்திருக்கிறது, மாட்டை மூக்கணாங்கயிறு அடக்கி வைப்பது போல. மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டோ, இரத்தக் குழாய் வெடித்தோ மூளையின் ஒரு பகுதி பழுதாகும்போது அந்தக் கயிறு அறுந்து போகிறது. அடக்குவார் இல்லாமல் நரம்புகள் தசைக்கு ஓயாமல் கட்டளை அனுப்புகின்றன. தசையும் ஓயாமல் சுருங்குகிறது. ஆகவே, இது நோயாளியின் பிடிவாதம் அல்ல. "கையைத் தளர்த்துங்கள், ஏன் இப்படி முறுக்குகிறீர்கள்?" என்று அவரைக் கடிந்துகொள்வதில் பயன் இல்லை.

இந்த இறுக்கத்தைத் தளர்த்த ஓர் ஊசி இருக்கிறது. அதில் இருப்பது போட்டுலினம் என்னும் நச்சு. நஞ்சா என்று நீங்கள் திடுக்கிடுவது நமக்குப் புரிகிறது. அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சிப் பண்டம் உண்டவர்கள் கைகால் சோர்ந்து, விழுங்க முடியாமல், மூச்சடைத்து இறந்தார்கள். ஜஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து, 1822-க்குள் விரிவாக எழுதினார். இந்த நஞ்சை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் மருந்தாகலாம் என்று அன்றைக்கே அவர் எண்ணினார். 1895-ல் பெல்ஜியம் நாட்டு ஊர் ஒன்றில், சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் கெட்ட பன்றித் தொடைக்கறி உண்டு நோயுற்றார்கள். மூவர் இறந்தார்கள். வான் எர்மெங்கெம் என்ற அறிஞர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். பிறகு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைச் சரி செய்ய அதே நச்சைத் தூய்மைப்படுத்தி மிக நுண்ணிய அளவில் ஊசியாகப் போட்டார். 1980-ல் அதன் பலனை வெளியிட்டார். 1989-ல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. பக்கவாதத்திற்குப் பின் வரும் கை இறுக்கத்துக்கு அங்கே 2010-லும், கால் இறுக்கத்துக்கு 2016-லும் ஒப்புதல் கிடைத்தது. பட்டணத்தில் முகச் சுருக்கம் போக்கப் போடுகிறார்களே, அதுவும் இதே மருந்துதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே அளவறிந்த நஞ்சு மருந்தாகியிருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது? நரம்பு தசையைத் தொடும் இடத்தை ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசல் வழியாக ஒரு திரவம் கசிந்தால்தான் தசை சுருங்கும். இந்த மருந்து அந்த வாசலைச் சாத்திவிடுகிறது. ஊசி போட்ட தசை மட்டும் தளர்கிறது. பலன் அன்றைக்கே தெரியாது. சில நாட்களில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் நன்றாகத் தெரியும். பின்னர் நரம்பு தன் வாசலை மீண்டும் திறந்துகொள்வதால், மூன்று நான்கு மாதங்களில் பலன் குறைந்துவிடும். தேவைப்பட்டால் மறுபடி போடலாம். ஆனால், இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது பன்னிரண்டு வாரங்களாவது இருக்க வேண்டும்.

2002-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பக்கவாதத்தால் மணிக்கட்டும் விரல்களும் இறுகிய 126 பேர் அதில் பங்கு கொண்டார்கள். கை கழுவுவது, உடை உடுத்துவது, கையின் நிலை, வலி ஆகிய நான்கில் தமக்கு முக்கியமான ஒன்றை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு அந்தக் காரியம் எளிதாகியிருந்தது. வெறும் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கே அப்படி ஆயிற்று. அந்த அம்மா கேட்ட ஆசையும் இந்த நான்கில் முதலாவதுதான் அல்லவா?

ஆனால், ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊசி இழந்த பலத்தைத் திருப்பித் தராது. பூட்டிய கதவைத் திறந்து விடும், அவ்வளவுதான். உள்ளே போய் வேலை பார்ப்பது நம் பொறுப்பு. அந்த மூன்று மாதமும் தினமும் கையை நீட்டிப் பயிற்சி செய்தால்தான் ஊசிக்குப் பலன். ஊசி போட்டாயிற்று என்று சும்மா இருந்தால், பழையபடி கை மூடிக்கொள்ளும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம். மூடிய விரல்களை வெடுக்கென்று பிரிக்காதீர்கள். முதலில் மணிக்கட்டை மெல்லக் கீழ்நோக்கி மடக்குங்கள். விரல்கள் தாமாகவே சற்றுத் தளரும். பிறகு கட்டை விரலையும் மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அரை நிமிடமாவது அப்படியே பிடித்திருங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, நகத்தை வெட்டி விடுங்கள். நீரின் சூட்டை உங்கள் கையால் பாருங்கள். நோயாளியின் கைக்குச் சூடு தெரியாமல் இருக்கலாம். எண்ணெய் தடவி மெல்ல நீவுவதில் தவறில்லை. முறுக்கி, நெட்டி எடுத்து, வலுக்கட்டாயமாக இழுப்பது மட்டும் கூடாது. நோயாளியைத் தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு விலகிவிடும்.

இன்னொன்று. சுமாராக இருந்த இறுக்கம் திடீரென்று கூடினால் காரணம் தேடுங்கள். படுக்கைப் புண், மலச்சிக்கல், சிறுநீர்க் கிருமித் தொல்லை, சதைக்குள் வளர்ந்த நகம், இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கலாம். அதைத் தீர்த்தாலே கை தளர்வதுண்டு.

ஊசி எல்லாருக்கும் ஏற்றதல்ல. சிலருக்கு விறைத்த கால்தான் நிற்பதற்கு ஊன்றுகோலாக இருக்கும். அதைத் தளர்த்தினால் விழுந்துவிடுவார்கள். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டு, மூட்டே உறைந்து போயிருந்தால் ஊசியால் பெரிய பலன் இராது. ஆகவேதான் காலம் கடத்தாதீர்கள் என்கிறோம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தில் வலியோ, கையில் பலக்குறைவோ சில நாட்கள் இருக்கலாம். விழுங்குவதில், பேசுவதில், மூச்சு விடுவதில் சிரமம் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எங்கே போவது? முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில், "கை இறுகுகிறது, மறுவாழ்வு மருத்துவ நிபுணரைப் பார்க்கக் கடிதம் கொடுங்கள்" என்று கேளுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையிலும் இத்துறை நிபுணர்கள் இருக்கிறார்கள். மருந்து விலை கூடியதுதான். அதனால் யாருக்கு, எந்தத் தசைக்கு, என்ன குறிக்கோளுக்காக என்று நிபுணர் ஆராய்ந்துதான் போடுவார். செலவைப் பற்றிக் கவலை இருந்தால், மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்க்கலாம். வேலை செய்த காலத்தில் சொக்சோவுக்குச் சந்தா கட்டியவர்கள், தமக்கு என்ன உதவி உண்டு என்று அங்கே கேட்டறியலாம். 1996-ல் தொடங்கிய தேசிய பக்கவாதச் சங்கமும் நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. பணம் இல்லை, மொழி வராது என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். "கை சரியாக வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "உள்ளங்கையைக் கழுவ வேண்டும்", "சட்டை மாட்ட வேண்டும்", "இரவில் வலியின்றித் தூங்க வேண்டும்" என்று உங்கள் வீட்டுத் தேவையைச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அதுவே வழி காட்டும்.

இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் கொடுத்த மாத்திரைகளை மட்டும் ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு முறை பக்கவாதம் வராமல் காப்பது அவைதாம்.

நம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட கை அது. இனி அது சீவு கத்தியைப் பிடிக்காமல் போகலாம். ஆனால், மூடிய அந்தக் கை விரிந்து, சுத்தமாகி, வலி நீங்கி, பேரப் பிள்ளையின் கையை ஏந்திக்கொண்டால் அதுவே போதும். அதற்கு வழி இருக்கிறது. கேட்டுப் பெறுவோம்.