ஏழரை மணி யாருடையது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு டி.வி., செல்போன், நம்முடைய நேரம் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் சிலர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டது தெரிகிறது. "ஆரம்பிச்சிட்டாங்கப்பா, சீரியல் பாக்காதேன்னு சொல்லப் போறாங்க" என்றுதானே? பயப்பட வேண்டாம், அதற்காக வரவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. எங்கள் அலுவலகத்திலேயே மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் குழம்பு வாசனைக்கு முன்னால் முந்தின நாள் சீரியல் கதைதான் வெளியே வருகிறது!

பெண்களிடம் "நேரத்தை வீணாக்காதே" என்று சொல்வது ரொம்ப சுலபம். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர்களுக்கு நேரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று கேட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். அதாவது ஐந்து மணி நேரத்துக்குப் பதினோரு நிமிடம்தான் குறைவு. ஆண்கள் 88 நிமிடம். அதுவும் எல்லா ஆண்களையும் சேர்த்து இல்லை, வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த கணக்கு! செய்யாதவர்களையும் சேர்த்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளையும் வயசானவர்களையும் பார்த்துக்கொள்கிற நேரம் இந்த 289இல் சேரவில்லை, அது தனி.

ஆகவே களையெடுத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து அரை மணி நேரம் சீரியல் பார்க்கிறாள் என்றால் அதைக் குற்றம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. டீக்கடை பெஞ்சிலும் கேரம்போர்டிலும் போகிற நேரத்துக்கு யாராவது கூட்டம் போட்டுப் புத்தி சொல்கிறார்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.வி. நமக்குக் கெடுதல் மட்டும் செய்யவில்லை. முன்பெல்லாம் ஊராட்சி டி.வி. அறையில்தான் படம். ஆண்கள் முன்னால் உட்காருவார்கள், பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார்கள். கேபிள் வந்து, 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும் வரத் தொடங்கிய பிறகுதான் பல வீடுகளில் பெண்கள் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களின் கிராமங்களில் எடுத்த விவரங்களை வைத்து ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கேபிள் டி.வி. புதிதாக வந்த கிராமங்களில் "புருஷன் அடிப்பது சரிதான்" என்று சொல்கிற பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் குறைந்திருந்தது. வேறு மாதிரி வாழ்கிற பெண்களைக் கண்ணால் பார்த்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சீரியல் மாமியார்கள் கண்ணை உருட்டுவதைப் பார்த்து நாம் சிரித்தாலும் இதையும் ஒதுக்க முடியாது.

அப்படியானால் பிரச்சனைதான் என்ன? நாம் டி.வி. பார்ப்பது பிரச்சனை இல்லை. எப்போது எழுந்திருப்பது என்பதை நாம் முடிவு செய்யாமல் அது முடிவு செய்வதுதான் பிரச்சனை.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். பதினைந்து பேர், பல வருஷமாக நன்றாக நடந்த குழு. வாரத்தில் ஒரு நாள் ராத்திரி ஏழரை மணிக்குக் கோயில் திண்ணையில் கூட்டம். பாய் போட்டு, வட்டமாக உட்கார்ந்து, போன வாரத் தீர்மானத்தைப் படித்து, சந்தா வாங்கி, யாருக்குக் கடன் என்று பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். சண்டை வந்தால் ஒன்றரை மணி. பிறகு ஏழரைக்கு ஒரு சீரியல் சூடு பிடித்தது. (ஏழரை என்றாலே நம் ஊரில் சனி ஞாபகம்தான் வரும், அது வேறு விஷயம்.) கூட்டத்தை ஏழு மணிக்கு மாற்றினார்கள். ஏழுக்கும் ஒரு சீரியல் வந்தது. ஆறரைக்கு வைத்தால் மாடு கறக்கிற நேரம், அடுப்பு வேலை. கொஞ்ச நாளில் கூட்டமே விளம்பர இடைவேளை மாதிரி ஆகிப்போனது. யாரும் உட்காருவதில்லை. நின்றபடியே பணத்தைக் கொடுத்து, கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓட்டம். கடைசியில் அதுவும் இல்லை. நோட்டு மட்டும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தது. தீர்மான நோட்டில் "உறுப்பினர்கள் அனைவரும் கலந்துகொண்டனர்" என்று அழகாக எழுதியிருக்கும்!

வங்கியிலிருந்து ஆள் வந்தபோதுதான் தெரிந்தது, மூன்று மாதத் தவணை கட்டவில்லை. உறுப்பினர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள். பிரதிநிதி கையில் இருந்த பணம் அவர் வீட்டுக்காரரின் ஆபரேஷனுக்குப் போய்விட்டது. அவர் திருடி இல்லை. "அடுத்த மாசம் வச்சிரலாம், வச்சிரலாம்னு நெனச்சேன்" என்று அழுதார். நாங்கள் கேட்டோம், "ஏன்க்கா, குழுவுல உள் கடன் கேட்டிருக்கலாமே?" அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "எங்க கேக்கறது? யாரு உக்காந்தாங்க?"

பதினைந்து பேர் இருக்கிற குழுவில், புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று சொல்வதற்கு ஒருத்திக்கு ஒரு திண்ணை இல்லாமல் போயிருக்கிறது. தவணை தவறியதால் அந்தக் காலத்துக்கான வட்டி மானியம் போயிற்று. அடுத்த வங்கிக் கடன் தள்ளிப்போனது. அந்தக் கடனை நம்பி மகளைக் காலேஜில் சேர்த்திருந்த ஒரு அக்கா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். நாலு பேர் அந்தப் பிரதிநிதியோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தக் குழு மறுபடியும் உட்காருகிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. ஆனால் பழைய சிரிப்பு திரும்ப இன்னும் நாள் ஆகும்.

சீரியல் ஏன் நம்மை எழுந்திருக்க விடுவதில்லை? அதை எடுக்கிறவர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள். கதவு திறக்கும், உள்ளே வருவது யார் என்று காட்டாமல் "தொடரும்" போட்டுவிடுவார்கள். இதன் பழைய கதை தெரியுமா? அமெரிக்காவில் 1930களில் வீட்டுப் பெண்களுக்காக ரேடியோவில் பகல் நேரத் தொடர் நாடகங்கள் போட்டார்கள். அதற்குப் பணம் கொடுத்ததில் முக்கியமானவை சோப்புக் கம்பெனிகள். அதனால்தான் ஆங்கிலத்தில் இன்றைக்கும் இந்த மாதிரித் தொடர்களுக்கு 'சோப் ஆப்பரா' என்று பெயர். இங்கேயும் அதே வியாபாரம்தான். நாம் பார்க்கிற நேரத்தைக் காட்டித்தான் சேனல் விளம்பரம் வாங்குகிறது. பார்க்கிற நமக்குக் கூலி கிடையாது! ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். அரை மணி சீரியலில் விளம்பரம், நேற்றைய கதை, நாளைய கதை, பாட்டு எல்லாம் போக இன்றைய கதை எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுங்கள்.

செல்போனில் "தொடரும்" கூடக் கிடையாது. ஒரு வீடியோ முடிந்ததும் கேட்காமலே அடுத்தது வருகிறது. டி.வி.யாவது வீட்டில் நாலு பேர் சேர்ந்து பார்த்தோம், திட்டினோம், சிரித்தோம். போன் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டது. அதோடு இடையிடையே "ஐந்து நிமிடத்தில் கடன், ஜாமீன் வேண்டாம்" என்று விளம்பரம் வரும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். போனில் இருக்கிற நம்பரெல்லாம் அவர்கள் கைக்குப் போய், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்துகிற கும்பல்கள் இருக்கின்றன. ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள், குழுவிலும் சொல்லுங்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? வெளியே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, சந்தா கட்டுகிற நமக்கு அது தெரியும். குழு ஆரம்பித்த புதிதில் எல்லோரும் என்ன சொன்னோம்? "செலவு போக மிச்சம் இருந்தா சேமிக்கிறோம்" என்றோம். மிச்சம் என்றைக்காவது இருந்ததா? சந்தாவை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியில் குடும்பம் நடத்தப் பழகியபோதுதான் சேமிப்பு ஏறியது. நேரமும் அப்படித்தான். வேலை போக, சீரியல் போக மிச்சம் இருந்தால் கூட்டத்துக்கு வருகிறேன் என்றால் வர முடியாது. கூட்டத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் முதலில் எடுத்து வையுங்கள். அப்புறம் உங்கள் மனசுக்குப் பிடித்த ஒரு காரியத்துக்கு ஒரு நாளைக்கு அரை மணி. மீதியில் சீரியலை வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? இரண்டு சீரியல் பார்க்கிறவர்கள் எது நிஜமாகவே பிடிக்கிறது, எது சும்மா ஓடுவதால் பார்க்கிறோம் என்று யோசித்தாலே அந்த அரை மணி கிடைத்துவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று அரை மணி சீரியல், வாரத்தில் ஆறு நாள் என்றால் 9 மணி நேரம். கிராம சபை தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் வைத்தால் மொத்தம் 12 மணி. ஒன்றரை வார சீரியல் நேரம்கூட ஆகவில்லை! அந்த 12 மணி நேரத்தில்தான் தெரு விளக்கும் குடிதண்ணீரும் சுடுகாட்டுப் பாதையும் பேசப்படுகிறது. நாம் போகாவிட்டால் அங்கேயும் கையெழுத்துக்கு நோட்டு வீட்டுக்கு வரும்.

மனசுக்குப் பிடித்த காரியம் என்றால் தையல், ஊறுகாய் என்று வருமானத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. எதைச் செய்தாலும் காசாக வேண்டும் என்று பெண்களை நெருக்குவதும் தப்பு என்றே நாங்கள் நினைக்கிறோம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல் குவாரியில் வேலை பார்த்த பெண்களும் வயல் வேலைக்குப் போன பெண்களும் வேலை முடிந்து வந்து எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். இங்கே இருக்கிற மூத்த அக்காமார்களில் சிலர் உங்கள் ஊர் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். பாட்டு உண்டு, வீதி நாடகம் உண்டு, கும்மி உண்டு. அதோடு சைக்கிளும் சேர்ந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். சேலையைச் சொருகிக்கொண்டு, விழுந்து, முழங்கால் சிராய்த்து, சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதே சைக்கிளில் பிள்ளையை முன்னாலும் தண்ணீர்க் குடத்தைப் பின்னாலும் வைத்து ஓட்டினார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போனார்கள். அது பொழுதுபோக்கா, உபயோகமான வேலையா? அந்தப் பெண்களிடம் கேட்டால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நம் கூட்டமைப்பிலும் நடக்கிறது. ஒரு குழு கூட்டம் முடிந்ததும் கால் மணி நேரம் செய்தித்தாள் வாசிக்கிறது. படிக்கத் தெரிந்த மருமகள் வாசிக்க, மாமியார் உட்பட எல்லோரும் கேட்கிறார்கள். இன்னொரு குழுவில் ஸ்கூட்டி கற்றுக்கொள்கிறார்கள், ஒரே வண்டியில் ஆறு பேர் முறை வைத்து. வேறொரு குழுவில் ஒரு அக்கா, வயசு ஐம்பதுக்கு மேல், இரண்டு மாதமாகத் தினமும் ராத்திரி பேத்தியிடம் எண் எழுதக் கற்றுக்கொண்டு போன வாரம் தன் பாஸ்புத்தகத்தைத் தானே கூட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது ரூபா கொறையுதே?" என்று கேட்டார். ஊக்குநர் பார்த்தார். நாற்பது ரூபாய் குறைந்துதான் இருந்தது! எழுதும்போது விட்டுப்போன தொகை. அந்த அக்கா இப்போதும் எட்டரை மணி சீரியலை விடுவதில்லை. ஏழரையை மட்டும்தான் பேத்திக்குக் கொடுத்திருக்கிறார்.

ஐந்தரை பஸ்ஸைக் காட்டிப் பின்னால் கை அசைக்கிறார்கள், முடித்துக்கொள்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் உட்கார்ந்து பேசி, கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று தீர்மானம் போட்டுக் கொண்டுவாருங்கள். சீரியல் நேரம், மாடு கறக்கிற நேரம், பிள்ளைகள் டியூஷன் விட்டு வருகிற நேரம் எல்லாம் பார்த்தே போடுங்கள், தப்பில்லை. பாஸ்புத்தகத்தை ஒவ்வொருவரும் கையோடு எடுத்து வாருங்கள். இன்றைய கூட்டத் தீர்மான நோட்டும் இப்போது உங்கள் கைக்கு வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று செயலாளர் அக்காவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பஸ் ஐந்து நிமிடம் நிற்கும், டிரைவரிடம் சொல்லியாயிற்று.