கடல் கடந்த அரிதாரம்



பத்தாண்டு நிறைவு விழாவில் ஒப்பனைப் பொருளைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். கவிதை பேச வேண்டிய மேடையில் முத்துவெள்ளைக்கும் ஜிகினாவுக்கும் என்ன வேலை? ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றிய ஆண்டுகளைப் பற்றி அசோகமித்திரன் ஆங்கிலத்தில் எழுதிய நினைவு நூலைப் படித்தவர்கள் இவ்வாறு கேட்கமாட்டார்கள். அங்கே பான்கேக் என்னும் ஒப்பனைப் பொருள் லாரிக் கணக்கில் வாங்கப்பட்டதை அவர் நகைச்சுவையோடு எழுதுகிறார். கூட்டக் காட்சிகளில் நிற்க வந்தவர்களின் முகத்தில் பெரிய பாத்திரத்திலிருந்து வண்ணம் எடுத்துப் பூசிய பணியாளர் ஒருவர், தம்மைக் கவிஞர் என்றே கருதியிருந்தார். கவிதைக்கும் முகப்பூச்சுக்கும் உள்ள சுற்றம் அவ்வளவு நெருக்கமானது.

பேச்சுக்குரிய செய்தி இதுதான். அயல்நாட்டில் வாழும் தமிழர் ஒரு வேடம் கட்ட விரும்பினால், அதற்குரிய பொருளை எங்கே தேடுவது?

ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் படைவீரர் சீருடை தைக்கும் ஆலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் தோன்றின. அவற்றில் வேலை தேடி வந்தவர்களில் வடதமிழ்நாட்டுக் கிராமத்தார் பலர். பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று லண்டனிலும் நியூஜெர்சியிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா எடுக்கும். தை முதல் நாள் வேலை நாளாக இருந்தால், அடுத்த சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து நடத்தும். பிள்ளைக்குக் கர்ணன் வேடம், இல்லையேல் கட்டபொம்மன். பெண் குழந்தை என்றால் பெரும்பாலும் ஔவையார். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கிரீடமும் மீசையும் நினைவுக்கு வரும்.

அந்நாடுகளில் வேடப்பொருள்களுக்கு ஒரு பருவம் உண்டு. அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீன். அதற்கு முந்தைய சில வாரங்களில் பேரங்காடிகளின் தட்டுகள் முகவண்ணத்தாலும் பொய்முடியாலும் ஒட்டுமீசையாலும் நிரம்பும். நாள் கழிந்ததும் அவ்விடத்தைக் கிறிஸ்துமஸ் விளக்குகள் பிடித்துக்கொள்ளும். சனவரியில் போய்த் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆகவே விவரம் தெரிந்த தாய்மார்கள் தைப் பொங்கலுக்கு வேண்டிய வண்ணத்தை ஐப்பசியிலேயே வாங்கிவைத்துவிடுகிறார்கள். விழா முடிந்த மறுநாள் பாதி விலைக்குக் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கிடைப்பவை யாருக்காகச் செய்யப்பட்டவை? இரத்தம் குடிக்கும் பேய்க்கு வெள்ளை, சூனியக்காரிக்குப் பச்சை, பிணத்துக்குச் சாம்பல் நிறம். சூனியக்காரியின் பச்சையைக் கிருஷ்ணனுக்குப் பூசலாமா என்று ஒரு வீட்டில் வழக்கு எழக்கூடும். பூசலாம் என்பதே இப்பேச்சின் தீர்ப்பு. காரணம் சொல்ல வேண்டும்.

தெருக்கூத்தில் கிருஷ்ணனுக்குப் பச்சையும் துரியோதனனுக்குச் சிவப்பும் வழக்கம். குழுவுக்குக் குழு சிறிது மாறும். பழைய முறையில் மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம், வெள்ளைக்கு முத்துவெள்ளை, கறுப்புக்கு மை; குழைக்கத் தேங்காயெண்ணெய். கேரளத்துக் கதகளியிலும் அரிதாரத்தோடு நீலம் சேர்த்துத்தான் பச்சை பிறக்கிறது. இவை சென்னைப் பாரிமுனையை ஒட்டிய ராசப்ப செட்டித் தெருவின் நாட்டுமருந்துக் கடைகளில் விற்கும் சரக்குகள். பூந்தமல்லியிலிருந்து பேருந்து ஏறினால் வாங்கிவந்துவிடலாம். ஆனால் இவற்றைத் தூய உள்ளூர்ப் பொருள்கள் என்று எண்ணுவது பிழை. முத்துவெள்ளை என்பது துத்தநாக ஆக்சைடு. எங்கோ ஓர் ஆலையில் செய்யப்பட்டது. கிரீடத்தில் ஒட்டும் ஜிகினாத்தாளும், முகம் பார்க்கும் கண்ணாடியும், விடிய விடிய எரிந்த பெட்ரோமாக்ஸும் எந்தத் திணையில் விளைந்தவை? புகாரின் மாதவி அணிந்த அணிகளை இளங்கோவடிகள் காலிலிருந்து தலைவரை அடுக்கிச் சொல்கிறார். அது கப்பல் வந்து நின்ற துறைமுகத்துப் பெண்ணின் அலங்காரம். ஒப்பனைப்பெட்டி என்றுமே நாடு கடந்த பொருள்களால் நிரம்பியதுதான்.

மேலைநாட்டின் கதையும் சுவையானது. 1873இல் பெர்லினில் லுட்விக் லைக்னர் என்ற இசைநாடகப் பாடகர், வண்ணத்தைக் கொழுப்பில் குழைத்துக் குச்சிகளாக விற்கத் தொடங்கினார். குச்சிக்குக் குச்சி எண் உண்டு. ஐந்தையும் ஒன்பதையும் கலந்தால் மேடைக்கேற்ற முகநிறம் என்பது ஆங்கிலேய நாடகக்காரர்களின் வாய்பாடு. அந்த முகநிறம் வெள்ளைக்காரருடைய நிறம் என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1930களின் இறுதியில் ஹாலிவுட்டில் மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் பான்கேக்கைக் கொண்டுவந்தது. அப்பெயர் தமிழ்நாட்டு நாட்டியக்காரர்களின் வாயில் நுழைந்து, எந்த நிறுவனத்துப் பூச்சுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இன்று அயல்நாட்டு அரங்கேற்றத்துக்கு ஆயத்தம் செய்யும் தாய் எழுதும் பட்டியலில் ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, குஞ்சலம், சலங்கை ஆகியவற்றோடு பான்கேக்கும் இருக்கிறது. மற்றவை மயிலாப்பூரிலிருந்தோ நாகர்கோவில் வடசேரியிலிருந்தோ போக வேண்டும். பான்கேக் மட்டும் போன இடத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, சாதிலிங்கத்தில் பாதரசம். பழமை கெடக்கூடாது என்று இவற்றை ஊரிலிருந்து வரவழைத்து எட்டு வயதுக் குழந்தையின் கன்னத்தில் பூசுவது பக்தியாகாது, கொடுமை. ஆண்டுக்கணக்கில் இவற்றை முகத்தில் சுமந்த கூத்தர்களுக்கு அதன் தீங்கை எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்? உள்ளே இருப்பவை இன்னின்ன என்று அச்சிட்ட டப்பா கிடைக்குமானால் அது சூனியக்காரியினுடையதாகவே இருக்கட்டும்.

பூச்சுக்கு மாற்று உண்டு. மாற்றில்லாத இடம் கிரீடத்தில் தொடங்குகிறது. கூத்தின் அணிகலன்களுக்குக் கட்டை என்று பெயர். கிரீடம், புயங்களில் கட்டுவது, மார்பில் கட்டுவது எல்லாம் கல்யாண முருங்கை போன்ற கனமற்ற மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. இவற்றை அணிந்து ஆடுவதால் கட்டைக்கூத்து என்ற பெயரும் வழங்குகிறது. 1990இல் காஞ்சிபுரத்தில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் இப்பெயரையே தாங்கியது. கட்டை கட்டியவுடன் தோள் அகன்றுவிடும், நடை மாறும், சுற்றிச் சுழலும்போது உடம்பு வேறொருவனுடையதாகிவிடும். அங்காடியில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரீடம் ஐரோப்பிய அரசனுக்குரியது. அதை வைத்துக்கொண்ட கர்ணன் அசையாமல் நிற்கத்தான் முடியும். கிறுகி அடித்தால் கழன்று விழும்.

இந்த இக்கட்டை ஈழத்தமிழர்கள் நன்கறிவார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போரையும் இராவணேசனையும் மேடையேற்றியபோதே, கிராமத்துக் களரியை நகர மண்டபத்துக்குக் கொண்டுவரும்போது எதைக் கொள்வது, எதைக் குறைப்பது என்ற கேள்வி எழுந்துவிட்டது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பு, கூடைபோல் விரிந்து நிற்கும் பாரமான உடை. 1983க்குப் பின் அகதிகளாகப் போனவர்கள் பாரிஸிலும் லண்டனிலும் டொரோண்டோவிலும் கூத்தாடினார்கள். ஒரு பையோடு புறப்பட்டவர்கள் கரப்புடுப்பையா கட்டி எடுத்துப் போயிருப்பார்கள்? ஆட்டமும் பாட்டும் உடம்போடு போயின. உடையைக் கிடைத்த துணியில் தைத்துக்கொண்டார்கள்; முடியை அட்டையில் வெட்டி ஒட்டினார்கள். எப்படி வெட்ட வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். அவர் இல்லாத ஊரில் அட்டை அட்டையாகவே இருந்துவிடும்.

அந்த ஒருவரைப் பற்றித்தான் கவலை. கூத்தில் ஒப்பனைக்காரர் என்று தனியே ஒருவர் கிடையாது. ஒவ்வொருவரும் கையகலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்கிறார். மீசையும் பெரும்பாலும் எழுதப்படுவதுதான்; அதன் ஓரமாக வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இறங்கும். எந்தக் குப்பியிலும் அந்தப் புள்ளி இல்லை. பக்கத்தில் அமர்ந்து பார்த்த சிறுவனின் விரலுக்கு அது போய்ச் சேர வேண்டும். கட்டைக்கூத்துக் குருகுலம் புஞ்சரசந்தாங்கலில் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இதைக் கற்பித்தது. 2020இல் அதுவும் மூடப்பட்டது.

அயல்நாட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பள்ளிகளின் மாறுவேடப் போட்டிக்குப் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? வாடகைக் கடையில் ஒருநாள் உடையை எடுக்கிறார்கள். அளவு பொருந்தாவிட்டால் பின்புறம் ஊக்குக் குத்துகிறார்கள். சித்திரையில் சில கல் தொலைவில், திரௌபதியம்மன் கோயில் வாசலில் துரியோதனன் முகம் எழுதிக்கொண்டிருப்பான். அந்தத் திரைக்குப் பின்னால் பிள்ளையைக் கூட்டிச் சென்று அரைமணி உட்காரவைக்கும் வீடு அரிது. லண்டன் வீட்டுக்குத் தூரம் காரணம். பூந்தமல்லி வீட்டுக்கு?

விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பங்கள் பெட்டி நிறைய ஜிகினாவும் சலங்கையும் வாங்கிப் போகின்றன. மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் எளிதில் தீப்பற்றுவது. அதை விமானத்துக்குக் கொண்டுபோவது வீண் தொல்லை. போன இடத்திலேயே நாடகப் பொருள் விற்கும் கடையில் கேட்டுப் பெறலாம். வாங்கிப் போக வேண்டியது வேறு. ஒரு கூத்தர் முகம் எழுதுவதை, அவர் ஒப்புதல் பெற்று, முதல் கோட்டிலிருந்து கடைசிப் புள்ளிவரை அந்தப் பிள்ளை பார்த்து ஒரு தாளில் வரைந்துகொண்டால் போதும். அதற்கு எடைக்கட்டணம் இல்லை. அவர் கையில் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிந்திருப்பார்கள்.

வேடம் கலைப்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. விடியற்காலையில் கூத்தர்கள் தேங்காயெண்ணெயை முகத்தில் தேய்த்துப் பழைய வேட்டித் துணியால் துடைக்கிறார்கள். குளிர்நாட்டிலும் சிறுவனின் பச்சை அதே எண்ணெயில்தான் நன்றாகப் போகிறது. ஆனால் அங்கே சனவரியில் எண்ணெய் கல்லாய் உறைந்து கிடக்கும். விழாவுக்குப் புறப்படும் முன்பே தாய் அந்தப் புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, உருகியதைத் துணி சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள்.