தலைவர் எழுதிக் கொடுத்த கடிதம் விவாகரத்து ஆகாது

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் இருக்கும் தோட்டத் தலைவர்மாரே,

சம்பளத்தைப் பற்றியோ கொழுந்து நிறுவையைப் பற்றியோ நாங்கள் இன்று பேசப்போவதில்லை. லயத்துக்குள் நடக்கும் ஒரு விசயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். குடும்பம் முறிந்தால் எங்கே போவது, யாரிடம் கேட்பது என்பதுதான் அது. “வீட்டுச் சண்டை சங்கத்துக்கு எதுக்கு?” என்று சில தலைவர்மார் கேட்கிறார்கள். ஆனால் சண்டை முற்றினால் முதலில் தட்டப்படுவது அந்தத் தலைவர்மாரின் கதவுதான்.

முதலில் எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில வருசங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் புருசன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். அங்கேயே இன்னொரு பெண்ணோடு இருந்துவிட்டார். தீபாவளிக்கு ஊருக்கு வந்த இடத்தில் பெரிய சண்டை. தலைவர் வீட்டில் பஞ்சாயத்து வைத்தார்கள். “நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்து வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்து வைத்தது எங்கள் சங்கத் தலைவர்தான். நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தில்தான் அவர் வைத்தார். இரண்டு பிள்ளைகளோடு அந்தச் சகோதரி பிறகு தாபரிப்புப் பணம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தக் கடிதத்தையே புருசன் எடுத்து நீட்டினார்.

அந்தக் கடிதம் என்ன செய்தது என்று பாருங்கள். விவாகரத்தை அது கொடுக்கவில்லை. அவர்கள் இன்றைக்கும் சட்டப்படி கணவன் மனைவிதான். ஆனால் அவருடைய தாபரிப்பு உரிமைக்கு அது வேட்டு வைத்தது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால், ஒருவர் மற்றவரிடம் தனக்காகத் தாபரிப்புக் கேட்க முடியாது. “மனமொத்துப் பிரிகிறோம்” என்று தலைவர் அழகாக எழுதிய அந்த இரண்டு சொல்தான் காலை வாரிவிட்டது. பிள்ளைகளின் உரிமையை எந்தக் கடிதமும் பறிக்க முடியாது என்பதால் பிள்ளைகளுக்காவது பணம் கிடைத்தது.

பொலிசில் எழுதிய துண்டும் அப்படித்தான். முறைப்பாட்டுப் பதிவு ஒரு சாட்சியம், அவ்வளவுதான். அது விவாகரத்து ஆகாது. பொது விவாகச் சட்டத்தின் கீழ் முடித்தவர்களுக்கு விவாகரத்துக் கொடுக்கக்கூடியது மாவட்ட நீதிமன்றம் மட்டும்தான். இருவரும் சம்மதம் என்பதும் எங்கள் நாட்டில் தனிக் காரணம் ஆகாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் காரணங்கள் மூன்று: பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு அல்லது அதுபோன்ற இயலாமை. இதில் ஒன்றை நிரூபிக்கவேண்டும். நிரூபித்த பிறகும் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்புத்தான். மூன்று மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பாகும். அதற்கு முன் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, குற்றமாகவும் ஆகும். “தலைவர் பிரித்துவிட்டார்” என்று நம்பி இரண்டாவது தாலி கட்டிக்கொண்ட பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். அவர்களைக் குறை சொல்லவில்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை.

தாபரிப்புக் கேட்பதற்கு விவாகரத்து எடுத்திருக்க வேண்டியதில்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள். தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்தில், விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். இரண்டும் வேறு வேறு. புருசனிடம் வசதி இருந்தும் பார்க்காமல் விட்டால், தன்னைத் தானே பராமரிக்க முடியாத மனைவி கேட்கலாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காகக் கேட்கலாம். தன் காலில் நிற்க முடியாத பிள்ளைக்கு 25 வயது வரையும் கேட்க இடமுண்டு. தாலி கட்டாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் கேட்கலாம், ஆனால் தகப்பன் யார் என்பதை நிரூபிக்கவேண்டும். கட்டளை கிடைத்தும் அவர் கட்டாவிட்டால் சம்பளத்தில் இருந்தே வெட்டச் சொல்லி வேலை கொடுப்பவருக்கு நீதவான் கட்டளையிடலாம். தோட்டத்தில் பேர் போடுகிறவராக இருந்தால் அந்தப் பணம் செக்ரோலிலேயே வெட்டுப்படும். சிறைக்கும் அனுப்பலாம்.

அடி உதை இருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்குப் போக முடியாவிட்டால் உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். இரவு நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் மகளிர் உதவித் தொலைபேசி 1938.

“வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே?” என்ற கேள்வி நியாயமானது. சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அதன் சட்டத்தரணிகள் வழக்குப் பேசுவார்கள். சம்பளச் சிட்டையைக் கையில் கொண்டுபோங்கள், வருமானத்தைப் பார்ப்பார்கள். விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, புருசன் எங்கே வேலை செய்கிறார் என்ற விபரம், பொலிஸ் முறைப்பாடு இருந்தால் அதன் பிரதி, இவை வேண்டும். எங்கள் ஆட்களுக்கு வரும் பெரிய சிக்கல் பெயர்தான். சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்தில் மூன்றாவது பெயர். வழக்கு வரும் வரை காத்திருக்காமல் பிரதேச செயலகத்தில் இப்போதே விசாரியுங்கள். விவாகத்தைப் பதியாதவர்கள் உரிமையே இல்லை என்று நினைத்து விட்டுவிடவேண்டாம். கோயிலில் தாலி கட்டியதற்குச் சாட்சி இருந்தால் அதையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் சிங்களத்தில் பேசினால் விளங்கவில்லை என்று சொல்லத் தயங்காதீர்கள். மொழிபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை.

சட்டம் சரியாகச் சொல்லாத ஒரு விசயமும் இருக்கிறது. காம்பரா. அது தோட்டத்துக்குச் சொந்தம். பெரும்பாலும் புருசன் பெயரிலோ மாமனார் பெயரிலோ பதிந்திருக்கும். குடும்பம் முறிந்தால் பெண் வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் அடித்தவரோடு ஒரே கூரையில் இருக்கவேண்டும். அதே தோட்டத்தில் பேர் போடுகிற பெண்ணுக்கும் இதே கதிதான். இதைத் துரைமாரிடம் பேசுவது வழக்கறிஞர் வேலையல்ல, சங்கத்தின் வேலை. அதேபோல வழக்குக்குப் போகும் நாளில் பேர் போய்விடுகிறது. நாலு தவணை என்றால் நாலு நாள் சம்பளம். இந்த இரண்டையும் அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கும்படி மாதர் பிரிவு எழுத்தில் கேட்டிருக்கிறது.

தலைவர்மாருக்கு ஒரு வார்த்தை. புருசனும் சந்தா கட்டுகிறார், மனைவியும் சந்தா கட்டுகிறார். புருசன் உங்கள் சொந்தக்காரராகவும் இருப்பார். அதனால்தான் நீதிபதியாக உட்காராதீர்கள் என்கிறோம். சமாதானம் பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கடிதம் எழுதாதீர்கள், சாட்சி வைக்காதீர்கள். யாராவது கேட்டு வந்தால் சட்ட உதவிக் கந்தோருக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். துணைக்கு மாதர் சங்கத் தலைவியையும் அனுப்புங்கள்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் பக்கத்து அறையில் இருப்போம். பழைய கடிதம் வைத்திருப்பவர்கள், கிழித்துப் போடாமல் அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். தனியாகப் பேச நினைப்பவர்கள் பின்பக்கக் கதவால் வரலாம், முன்வாசலில் தலைவர்மார் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள்.