ஒரு தட்டு, அதற்கு ஒரு பதில்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"உங்கள் துறையைப் பற்றி எல்லோருக்கும் விளங்கும்படி பேசுங்கள்" என்று சங்கத்தார் கேட்டிருந்தார்கள். நான் வலிப்பு நோய் பார்க்கும் நரம்பியல் வைத்தியர். ஆண்டு எட்டில் என் பக்கத்து வாங்கில் இருந்த தோழியைச் சொல்லித்தான் தொடங்கவேண்டும்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில் நின்றபடியே விழுந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ ஓடிவந்து அலுமாரிச் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். நல்ல பேர் சாவிக்குப் போனது. அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. வீட்டில் பயந்து நிறுத்திவிட்டார்கள். பிறகு கொழுந்துக்கூடைதான். போன மாதம் அக்கரப்பத்தனைக்கு வந்தபோது, "உன் கதையைச் சொல்லலாமா?" என்று அவளிடம் கேட்டேன். "பேரச் சொல்லாத. சாவிக்கொத்தச் சொல்லு" என்றாள்.

வலிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அடங்காது. அவர்களில் சிலருக்கு, வலிப்பு கிளம்பும் இடத்தை அறுத்து எடுத்தால் குணம் கிடைக்கும். ஆனால் அது எங்கே கிளம்புகிறது, எந்த வழியாகப் பரவுகிறது என்று முதலில் தெரியவேண்டும். ஸ்கேனும் தலைக்கு மேல் வைத்து எடுக்கும் மூளை மின்னலைப் பதிவும் போதாதபோது, பெரிய நிலையங்களில் மண்டை ஓட்டுக்குள்ளே மெல்லிய மின்முனைகளை வைத்து, பல நாள் கட்டிலில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் செய்யும் ஒரு சோதனையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நடுச்சுவர் கூரை வரை எழும்பாத பழைய லயங்கள் உங்களுக்குத் தெரியும். முதல் காம்பராவில் ஒரு சொல் சொன்னால் மூன்றாவது காம்பராவில் யாராவது இருமுவார்கள். சில வேளை பக்கத்துக் காம்பரா சும்மா இருக்கும், எட்டாவது காம்பராவிலிருந்து பதில் வரும்; அங்கே சம்பந்தி வீடு. மூளையும் அப்படித்தான். ஓர் இடத்தில் சில மில்லி அம்பியர் மின்சாரத்தை, ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு நேரத்துக்கு மட்டும் கொடுத்து, மற்ற மின்முனைகளில் காது வைத்துக் கேட்கிறோம். இணைப்பு இருந்தால் சுமார் 10 முதல் 50 மில்லிசெக்கனுக்குள் முதல் பதில் வரும். அது மிகச் சிறியது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது மெதுவாகப் பேசினால் எப்படிக் கேட்கும்? ஆகவே பல தடவை தட்டி, பதில்களைக் கூட்டிச் சராசரி எடுப்போம். மழை கழிந்து பேச்சு மிஞ்சும். நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூளைக்கு வலி தெரியாது.

2002இல் லண்டனில் வலென்டினும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். சில இடங்கள் உடனே சொல்லும் பதிலோடு நிற்காமல், 100 மில்லிசெக்கன் கழிந்து இன்னொரு பதிலும் சொல்லின. வலிப்பு கிளம்பும் இடத்தைக் காட்ட அது உதவியது. 2004இல் ஜப்பானிய வைத்தியர் ரிக்கி மட்சுமோட்டோவும் குழுவினரும், கிளீவ்லண்டில் சிகிச்சைக்கு வந்த எட்டு நோயாளிகளிடம் பேச்சுக்கான முன்பகுதியையும் பின்பகுதியையும் தட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து முன்னுக்குத்தான் செய்தி போகிறது என்பது பழைய பாடம். பதில் இரு பக்கமும் போய்வந்தது. புத்தகத்தில் நூறு வருடம் இருந்த பாடத்தை, கட்டிலில் படுத்திருந்த எட்டுப் பேர் திருத்தினார்கள் என்று நான் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இன்று அறுவை நடக்கும்போதே அந்தப் பேச்சுப் பாதை அறுந்துவிடாமல் பார்க்கவும் இதே தட்டு பயன்படுகிறது.

இதற்கு வேர் மொன்றியலில். நோயாளி விழித்திருக்க, மூளையைச் சிறு மின்சாரத்தால் தொட்டுக் கேட்டு அறுத்தவர் வைல்டர் பென்ஃபீல்ட். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் தமிழ்நாட்டு வேலூருக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான இந்தியாவின் முதல் அறுவையை அவர் செய்ததும் அங்கேதான், 1952இல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் 1995இல் தொடங்கிய வேலை பிறகு வந்தது.

இன்னொரு கதையும் உண்டு. நாங்கள் அதிகம் பேசுவதில்லை. 1874, அமெரிக்காவின் சின்சினாட்டி. மேரி ராபர்ட்டி, வீட்டு வேலைக்காரப் பெண். தலைப்புண் மண்டை ஓட்டை அரித்து மூளை தெரிந்தது. பார்த்தலோ என்ற வைத்தியர் அதற்குள் ஊசி செருகி மின்சாரம் பாய்ச்சினார். கை துடித்தது. அவர் மின்சாரத்தைக் கூட்டினார். அவள் அழுதாள், வலிப்பு வந்தது. சில நாளில் இறந்துபோனாள். மருத்துவ உலகம் அவரைக் கண்டித்தது. ஆனாலும் மனித மூளையை மின்சாரத்தால் தூண்டிய முதல் பதிவு என்று அதைத்தான் இன்றும் படிக்கிறோம்.

மேரி ஏன் எனக்கு மறக்கவில்லை என்று உங்களுக்கு விளங்கும். நம் ஊர் அம்மாமாரும் வைத்தியர் சொன்னால் தலையாட்டிவிடுவார்கள். "சரிங்க ஐயா" சம்மதமாகாது. மின்முனை வைப்பது சிகிச்சைக்காக. அதில் இரத்தக்கசிவு, தொற்று என்று சிறிய ஆபத்து உண்டு. ஆராய்ச்சிக்காகக் கூடுதலாகத் தட்டுவது வேறு. அரிதாக அதனால் வலிப்பும் வரலாம். இரண்டையும் பிரித்து, அவர்களுடைய தமிழில், இரவு யோசிக்க நேரம் விட்டுச் சொல்லவேண்டும். "வேணாம்" என்றால் சிகிச்சையில் ஒன்றும் குறையாது என்பதையும் சேர்த்துத்தான்.

என் தோழிக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒழுங்காக மாத்திரை எடுக்கிறாள். நாலு வருடமாக வலிப்பு இல்லை. அந்த மாத்திரை முப்பது வருடத்துக்கு முன்பும் இருந்தது.

ஆசிரியைமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், இழுக்கும் கையைப் பிடித்து அமுக்காதீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள்; ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு. சாவிக்கொத்து அலுமாரியிலேயே இருக்கட்டும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். கல்யாணமாகப் போகிறவர்கள், பிள்ளை பெற நினைக்கிறவர்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் முன்கூட்டியே வைத்தியரிடம் போகவேண்டும். சில மாத்திரையை மாற்றவேண்டி வரும்.

கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். எழும்பி நின்று கேட்கத் தயங்குகிறவர்கள் தேநீர் நேரத்தில் வாருங்கள். பின்வாசல் பக்கம் நிற்பேன்.