இசைத்தட்டும் ஏலவிலையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் மொழியின் தொன்மையைப் பற்றியோ இலக்கியத்தின் மாண்பைப் பற்றியோ பேசுதல் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமை வாய்ந்ததன்று. அரக்கினாற் செய்யப்பட்டு, பத்து அங்குல விட்டமுடையதாய், கை தவறினால் இரண்டாக உடைந்துவிடும் கறுப்பு வட்டத் தட்டே நம் பொருள். கிராமபோன் இசைத்தட்டு என்று சொன்னால் மூத்தோர் முகம் மலரும். இளையோர் அதைத் திரைப்படங்களிற் கண்டிருப்பர்.

இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கட்கியில் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த அன்பர் ஒருவரின் குடும்பத்தார், வீட்டைக் காலி செய்யும்போது, அவர் சேர்த்து வைத்திருந்த தட்டுகளை மூன்று டிரங்குப் பெட்டிகளில் இட்டு நம் சங்கத்திற்கு அளித்தனர். எண்ணிப் பார்த்ததில் 142 தட்டுகள். அவற்றை ஏலத்திற்கு விட்டுக் கட்டட நிதியிற் சேர்க்கலாம் என்று உறுப்பினர் சிலர் கருதுகின்றனர். பழைய தட்டு ஒன்று கோடி ரூபாய்க்குப் போனதாகச் செய்தி படித்ததே அவர்கள் கருத்துக்கு அடிப்படை. கட்டட நிதியின் நிலை நாம் அனைவரும் அறிந்ததே. ஆதலால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

அந்தச் செய்தி பொய்யுமன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் அவர்தம் துயரப் பாட்டும் கலந்து பிறந்த 'சோல்' என்னும் இசைவகை ஒன்று உண்டு. டெட்ராய்ட் நகரில் 1959இல் தொடங்கப்பெற்ற மோட்டவுன் நிறுவனம் அவ்விசையை உலகெங்கும் பரப்பியது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிராங்க் வில்சன் என்பவர் 1965இல் பாடிய பாட்டொன்று, மாதிரித் தட்டாக ஒரு சில நூறு படிகள் அச்சாகியும் கடைக்கு வரவேயில்லை. அவர் பாடுவதைவிட்டுத் தயாரிப்பாளராகவே தொடர முடிவாயிற்று. அச்சான படிகளும் அழிக்கப்பட்டன. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் ஒன்று 2009இல் 25,742 பவுனுக்கு விற்றது. 2020இல் ஒரு படி 1,00,000 பவுனுக்குக் கை மாறியது. நம் நாணயத்தில் ஒரு கோடியை ஒட்டிய தொகை.

இதிலே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது தொகையை அன்று. அத்தொகையைத் தந்தவர்கள் யார் என்பதை. அத்தட்டுக்கு மதிப்பை உண்டாக்கியவர்கள் டெட்ராய்ட் நகரத்தார் அல்லர். கடல் கடந்து, இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களில் வாழ்ந்த இளைஞர்கள். வாரமெல்லாம் ஆலையில் உழைத்துவிட்டு, சனிக்கிழமை இரவு விடிய விடிய ஆடுவதற்கு விகன் போன்ற ஊர்களின் நடன மண்டபங்களுக்கு அவர்கள் வந்தனர். பிறர் கேட்டிராத அமெரிக்கத் தட்டை வைத்திருப்பவருக்கு அங்கே தனி மதிப்பு. ஒருவர் கண்டெடுத்த தட்டை மற்றவர் தேடிப் பிடித்துவிடாமல் இருக்க, பாடகர் பெயரையே மாற்றிச் சொல்வதும் அவர்களிடையே வழக்கம்; வில்சனின் பாட்டும் வேறொருவர் பெயரால்தான் அங்கு முதலில் ஒலித்தது. பிறந்த ஊரில் குப்பைக்குப் போனதை அயலூரில் விரும்பியோர் காத்தனர். விருப்பம் வளர்ந்தது; பின்னர் விலையும் வளர்ந்தது. அருமை மட்டும் விலையாகிவிடாது. உலகில் ஒரே படியாக எஞ்சிய தட்டாயினும், அதைக் கேட்க விரும்புவோர் இல்லையேல் அதற்கு அரக்கின் விலைதான்.

இனி நம் பெட்டிகளுக்கு வருவோம். மும்பையிலிருந்து வணிகர் ஒருவரை வரவழைத்துத் தட்டுகளைக் காட்டினோம். அவர் இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். 142இல் 11 தட்டுகளைத் தனியே எடுத்து வைத்து, அவற்றிற்கு நல்ல விலை கூறினார். எஞ்சிய 131ஐயும் சேர்த்து எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த 131இல் பெரும்பாலானவை தமிழ்த் தட்டுகள்.

அவர் எடுத்து வைத்த பதினொன்றில் இரண்டு, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் பாடியவை. அன்பரின் மகன் கல்லூரி நாளில் வாங்கியவை போலும். தந்தையார் எவ்வளவு முகம் சுளித்திருப்பார் என்பதை நம்மால் எண்ணிப் பார்க்க முடிகிறது! இவற்றிற்கு ஏன் விலை? பீட்டில்ஸ் குழு 1962இல் தன் முதல் தட்டை வெளியிட்டபோது, இங்கிலாந்தில் 78 சுற்று அரக்குத் தட்டின் காலம் முடிந்துவிட்டிருந்தது. இந்தியாவிலோ மின்சாரம் வராத வீடுகள் பல. சாவி கொடுத்துச் சுழற்றும் பெட்டியே அங்கெல்லாம் பாடியது. ஆகவே கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாட்டுகளையும் அரக்குத் தட்டாகவே அச்சிட்டனர். இங்கிலாந்தில் இல்லாத வடிவம் இங்கு உண்டு என்பதால், அந்நாட்டுச் சேகரிப்பாளர்கள் டம்டம் தட்டுகளைத் தேடித் தேடி வாங்குகின்றனர்.

அதே டம்டம் ஆலையில் அச்சான தமிழ்த் தட்டுகளும் நம் பெட்டியில் இருக்கின்றன. ஒரே அரக்கு, ஒரே கற்பொடி, ஒரே கரி. ஒன்று அயல்நாட்டு ஏலத்திற்குப் போகிறது. மற்றது தராசுக்குப் போகிறது. வணிகர் மீது நமக்கு வருத்தமில்லை. கேட்பார் உள்ள சரக்கை அவர் வாங்குகிறார். தமிழ்த் தட்டின் மீது ஒட்டியுள்ள பெயரை அவரால் படிக்க முடியாது. படித்துச் சொன்னாலும் இவ்வூரில் அதை வாங்குவோர் இல்லை.

மராத்தியர் பாடகரின் கதையைப் பாருங்கள். இவ்வூரில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் ஜூனா பஜாரில், பால கந்தர்வரின் நாடகப் பாட்டுத் தட்டு ஒன்று கண்ணிற் பட்டால் அதை எடுத்துத் துடைத்துப் பார்க்க ஆள் உண்டு. அவர் 1967இல் இவ்வூரிலேயே மறைந்தார். அவர் பெயரால் அரங்கம் நிற்கிறது. அவர் குரல் கிழிந்த உறைக்குள் கிடந்தாலும் அவரை அறிந்தோர் கை அதை விடாது. பீம்சேன் ஜோஷி அவர்கள் சிறுவராய் இருந்தபோது அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைக் கேட்டுத்தான் இசை தேடி வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்பது இவ்வூர்ப் பிள்ளைகளும் அறிந்த கதை. மூன்று நிமிடத் தட்டு ஒன்று ஒருவரின் வாழ்நாளையே திசை திருப்பியது.

அப்துல் கரீம் கான் நமக்கும் அயலார் அல்லர். நம் இசையைக் காதலித்துக் கற்றவர். தியாகராசரின் கரகரப்பிரியா கீர்த்தனையைத் தட்டில் பாடி வைத்தவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில், செங்கற்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. வணிகர் எடுத்து வைத்தவற்றுள் அவர் தட்டுகள் நான்கு உள்ளன. அவற்றை விலைக்குக் கொடுக்க நமக்கு மனமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

தமிழ்க் குரல்களுக்கு நேர்ந்தது வேறு. இந்நாட்டில் ஒலிப்பதிவு தொடங்கியது 1902இல், கல்கத்தாவில். அந்நாளில் மெழுகில் பதித்ததைக் கப்பலேற்றி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அனுப்பி, அங்கு தட்டாக அச்சிட்டுத் திரும்பப் பெற்றனர். 1908இல்தான் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை எழுந்தது. அத்தொடக்க ஆண்டுகளில் பாட முன்வந்த தமிழ்நாட்டுக் கலைஞர் பலர் கோயிலையும் சதிரையும் சார்ந்த பெண்மணிகள். அவர்களுள் கோயம்புத்தூர் தாயி ஒருவர். அவர் பாடிய தட்டொன்றைக் கேட்டு, பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் என்பவர் 'ராகமாலிகா' என்னும் பெயரிலேயே ஓர் இசையாக்கம் செய்தார். அதற்கு மூலம் இராமலிங்க அடிகளாரின் பாடல். வடலூரார் பாடல் பாரிசுக்குப் போனது தட்டின் வழியாக! நம்மவருள் தாயியின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

1932இல் வீணை தனம்மாள் கொலம்பியா நிறுவனத்திற்காக வாசித்த தட்டுகள் கிடைத்திராவிட்டால், அவர் வாசிப்பு எப்படியிருந்தது என்பதற்கு எழுத்துச் சான்றே மிஞ்சியிருக்கும். அதே 1932இல் சென்னையில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரும் நண்பர்களும் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மானிய ஓடியன் நிறுவனத் தட்டுகளைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தனர். கிட்டப்பாவின் உச்சக் குரலும், சுந்தராம்பாளின் கணீரென்ற குரலும், ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் வீட்டுத் திண்ணைக்கு வந்தது அக்காலத்தில்தான். கிட்டப்பா 1933இல் மறைந்தபோது முப்பது வயதும் நிறையவில்லை. அவர் மேடையை இன்று எவரும் காண முடியாது, தட்டுகள்தாம் எஞ்சியிருக்கின்றன.

அரிதானதற்குப் போரும் ஒரு காரணம். அரக்கு போர்த்தளவாடங்களுக்கும் தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கில் 70 விழுக்காட்டைக் குறைத்துவிட, நிறுவனங்கள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கிக் கரைத்து உருக்கின. ஆனால் போரைக் காட்டிலும் எஃகு ஊசி செய்த அழிவு மிகுதி என்பது நம் கருத்து. ஒரு பக்கத்திற்கு ஓர் ஊசி என்று பெட்டிக்குள்ளேயே எழுதியிருந்தும், காசை மிச்சம் பிடிக்க எண்ணி ஒரே ஊசியால் இருபது பக்கம் ஓட்டாத வீடு உண்டா? விருப்பமான பாட்டே முதலில் தேய்ந்தது. ஆகையால், எந்தத் தட்டு நன்றாக இருக்கிறதோ அது அவ்வீட்டாருக்குப் பிடிக்காத தட்டு என்று சேகரிப்பாளர்கள் நகைச்சுவையாகக் கூறுவர். நம் 142இலும் இவ்விதி பொருந்துகிறது: பீட்டில்ஸ் தட்டுகள் இரண்டும் புத்தம் புதியனவாய் உள்ளன!

இனி நம் யோசனை. பீட்டில்ஸ் தட்டுகள் இரண்டையும் விற்றுவிடலாம், குடும்பத்தாரும் இசைந்துள்ளனர். அப்பாட்டுகள் உலகெங்கும் கிடைக்கின்றன. இவ்விரு தட்டுகள் நம்மிடம் இருப்பதால் எவருக்கும் பயனில்லை. ஆனால் அத்தொகையைக் கட்டட நிதியிற் சேர்க்க வேண்டா. தமிழ்த் தட்டுகளைக் கணிப்பொறியில் ஒலிப்பதிவு செய்வதற்கே அதைச் செலவிட வேண்டும். சுவரெழுப்ப நன்கொடை கேட்டால் தருவோர் உண்டு. தேய்ந்த தட்டுக்கு நன்கொடை கேட்டால் எவர் தருவார்? அத்தட்டின் தோழனாகிய மற்றொரு தட்டே அதற்குப் பொருள் ஈட்டித் தரட்டும்.

பதிவு செய்வோர்க்குச் சில செய்திகள். பிற்கால நெடுந்தட்டுக்குரிய ஊசி இவற்றிற்கு ஆகாது. அது பள்ளத்தின் அடியிற் புரண்டு இரைச்சலே தரும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனையுடைய ஊசி வேண்டும். சாராயங் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைத்தல் கூடாது. அரக்கு அதிற் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்பு, மென்துணி, நடுவிலுள்ள தாள் நனையாத எச்சரிக்கை, இவை போதும். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்காமல் நூல்களைப் போல நிமிர்த்தி வைத்தல் நன்று. 78 சுற்று என்று எல்லாரும் சொன்னாலும் தொடக்க காலத் தட்டுகள் வேறு வேறு வேகத்தில் பதியப்பட்டவை; பாடகரின் சுருதி கீச்சிட்டால் வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இங்கே இசையறிந்த நம் தாய்மார்களின் காது கருவியைவிட உதவும்.

நாம் தனித்துச் செய்யவேண்டிய பணியுமன்று இது. இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990இல் மும்பையில் தோன்றி, இத்துறையில் அரிய வேலை செய்துள்ளது. ஓடியன், யங் இந்தியா தட்டுகளின் ஒலிப்பதிவுக்குப் பிரிட்டிஷ் நூலகம் பொருளுதவி அளித்தது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்ததைக் கொண்டு எழுந்த நிலையம் அது. இவ்வூரிலேயே தினகர் கேல்கர், மறைந்த தம் மகனின் நினைவாக வீடு வீடாய்ச் சென்று விளக்கும் பாக்குவெட்டியும் யாழும் மத்தளமுமாகச் சேர்த்துப் பெரும் பொருட்காட்சியை ஆக்கித் தந்தார். அவர் சேர்த்தவற்றுள் பல, வீட்டாரே பயனற்றவை என்று ஒதுக்கியவை.

ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் இன்னும் பல பரண்களில் இத்தகைய தட்டுகள் இருக்கும் என்று நம்புகிறோம். பொருளாக அவற்றைச் சங்கத்திற்குத் தர வேண்டுமென்று கேட்கவில்லை. அவை உங்கள் பாட்டனாரின் உடைமை. ரத்திவாலா வாசலில் நிற்கும்போது மட்டும் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். நிறுவனப் பெயர், தட்டின் எண், பாடியவர் பெயர், பாட்டின் முதற்சொல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். தாள் கிழிந்திருந்தால், உள்வட்டத்தில் அரக்கிலேயே பொறித்துள்ள எண்ணைச் சாய்ந்த வெளிச்சத்தில் படித்து எழுதுங்கள்.

பட்டியலைத் தொடங்கிவிட்டோம். முதலில் எழுதியிருப்பது பெயர்த்தாள் முழுதும் உதிர்ந்துபோன ஒரு தட்டு. ஒரு பக்கத்தில் பெண் குரல் விருத்தம் பாடுகிறது, ஆர்மோனியம் பின்தொடர்கிறது, யார் என்று நமக்குத் தெரியவில்லை. மூத்தோர் எவரேனும் குரலைக் கேட்டே அடையாளம் சொல்லக்கூடும். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் அதைச் சுழல விடுகிறோம். பாட்டிமார்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.