எது கெட்டுப்போச்சும்மா?

(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தொழில் அனுபவத்தைப் பேசச் சொன்னாங்க. என் வண்டி கெட்டுப்போன கதையைத்தான் சொல்லப்போறேன்.

குழுக் கடனில் பழைய மாருதி ஆம்னி வாங்கி, விடியக்காலையில் காய்கறி ஏற்றிச் சந்தைக்கு ஓட்டுறேன். போன மழைக்காலத்தில் வண்டி திக்க ஆரம்பிச்சுது. நின்னுட்டிருக்கும்போது உதறும், மேட்டில் இழுக்காது, பெட்ரோல் மட்டும் கூடக் குடிக்கும். 'மிஸ்ஸிங் அடிக்குது'ன்னு சொல்வாங்களே, அதுதான். ஒர்க் ஷாப்பில் சத்தத்தை மட்டும் கேட்டுட்டு, "இன்ஜினைப் பிரிக்கணும், பதினைஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள்.

அவசரக் கடன் கேட்டுக் கூட்டத்தில் எழுந்து நின்னேன். ஊக்குநர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "எது கெட்டுப்போச்சும்மா?" எனக்குப் பதில் தெரியலை. அது நம்ம எல்லாருடைய சேமிப்புப் பணம். எதுக்குன்னே தெரியாம கேட்டு நின்னது வெட்கமாப் போச்சு. "அடுத்த கூட்டத்தில் சொல்றேன்க்கா"ன்னு உட்கார்ந்துட்டேன்.

டாக்ஸி ஓட்டுற என் தம்பி போனில் சொல்லச் சொல்ல, வாசலிலேயே பார்த்தேன். ஆம்னிக்கு மூணு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் காற்றும் பெட்ரோலும் அழுந்தி நிற்கும்போது பிளக் பொறி விடணும். ஒண்ணு தவறினாலும் மீதி ரெண்டும்தான் முழுச் சுமையையும் இழுக்கும். அப்போ முதல் கேள்வி, மூணில் எது தவறுது?

இன்ஜின் நல்லா ஆறின பிறகு, முன் சீட்டைத் தூக்கி, பிளக் ஸ்பேனரால் மூணு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் வச்சேன். ரெண்டு பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. மூணாவது மட்டும் கறுத்து, நனைஞ்சு, பெட்ரோல் வாசம் அடிச்சுது. அங்கே பெட்ரோல் போகுது, எரியலை.

உடனே புது பிளக் வாங்க ஓடலை. மூணாவது பிளக்கை ஒண்ணாவதிலும், ஒண்ணாவதை மூணாவதிலும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். மறுபடி கழற்றினால், மூணாவதில் போட்ட நல்ல பிளக்தான் இப்போ நனைஞ்சிருந்தது. நனைஞ்ச பிளக் இடம் மாறினதும் காய்ஞ்சு ஒழுங்கா வேலை செஞ்சுது. ஆக, குறை பிளக்கில் இல்லை.

காலைப் பனியிலும் மழையிலும்தான் தொந்தரவு அதிகம், வெயில் ஏறினால் குறையும்னு தம்பிகிட்ட சொன்னேன். "அப்போ வயரைப் பாருக்கா"ன்னான். ராத்திரி விளக்கை அணைச்சிட்டு, மகளை வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, எட்ட நின்னு பார்த்தேன். மூணாவது பிளக் வயரிலிருந்து நீலப் பொறி இரும்பில் தாவுது! காலையில் பார்த்தா, எலி கடிச்ச பல் தடம். வயர் செட்டை மாற்றினதும் மிஸ்ஸிங் போச்சு. செலவு ஆயிரத்தைக்கூடத் தொடலை.

நீங்க செய்யும்போது சில விஷயம் கவனம். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்காதீங்க, ஷாக் அடிக்கும். மூடின ஷெட்டுக்குள் வண்டியை ஓட விடாதீங்க, அந்தப் புகை உயிரையே எடுக்கும். முந்தானை, துப்பட்டா, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கணும். பிளக்கை முதலில் கையால் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் முறுக்கணும், இல்லாட்டி மரை போயிடும். புதிய வண்டிகளில் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ஓரமா நிறுத்திடுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கேயுள்ள விலை கூடின பாகத்தைக் கெடுத்துடும்.

பிளக்கும் வயரும் சரியா இருந்தும் மிஸ்ஸிங் நிற்கலைன்னா மெக்கானிக்கிடம்தான் போகணும். ஆனா, "மூணாவது சிலிண்டர், பிளக் மாற்றிப் பார்த்தாச்சு"ன்னு சொல்லிட்டுப் போங்க. அப்போ யாரும் சத்தத்தை மட்டும் கேட்டு விலை சொல்ல மாட்டாங்க.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, "வயர்தான்க்கா கெட்டுப்போச்சு, கடன் வேண்டாம்"னு சொன்னேன். அந்த மாதம் அந்தப் பணம் இன்னொரு உறுப்பினரின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணமாப் போச்சு.

தையல் மெஷினோ கிரைண்டரோ வண்டியோ, ரிப்பேருக்குக் கடன் கேட்குமுன் அந்த ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்குவோம்.